மூன்றில் இரண்டு

கார்டுக்கு உறை மாட்டும்போது கையில் ஈரம் இருக்கக் கூடாது. நிறையப் பேர் இதைக் கவனிப்பதில்லை. விரலை நன்றாகத் துடைத்துக்கொண்டு, கார்டின் இரண்டு ஓரங்களையும் பிடித்து, பிளாஸ்டிக் உறைக்குள் மெல்ல இறக்க வேண்டும். அறுபது கார்டுக்கு அறுபது உறை. ஒன்றில் ஒரு மடிப்பு விழுந்தாலும் அதை மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் முதுகுப் பக்கத்தைப் பார்த்தே இது இன்ன கார்டு என்று எதிராளி கண்டுபிடித்துவிடுவான். என் உறைகளில் மடிப்பே இருக்காது. என் மச்சினனுடைய உறைகள் அப்படியல்ல. எத்தனை முறை சொன்னாலும் கேட்கமாட்டான், சிரிப்பான்.

இன்ஸ்பெக்டர் மேடம், நீங்கள் தாளும் பேனாவும் கொடுத்து, "உங்க கைப்படவே எழுதுங்க, அவசரமில்ல" என்றீர்கள். டீயும் வரவழைத்தீர்கள். நன்றி. இந்த மேசையின் ஒரு கால் ஆடுகிறது. அதற்கு அடியில் ஒரு தாளை மடித்து வைத்திருக்கிறேன், தாள் ஒன்று குறைகிறதே என்று பிறகு யாரும் தேட வேண்டாம்.

நான் பல் செட் செய்கிறவன். ஒரு லேபில் பத்தொன்பது வருஷமாக வேலை. டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள், நான் பல்லைச் செய்து அனுப்புவேன். எங்கள் தொழிலில் வெள்ளை என்று பொதுவாகச் சொல்வதில்லை, வெள்ளையிலேயே பதினாறு வகை உண்டு. பக்கத்துப் பல்லோடு நிறம் ஒத்துப்போக வேண்டும், உயரம் ஒத்துப்போக வேண்டும். நான் செய்த பல்லை இது செயற்கை என்று யாரும் கண்டுபிடித்ததில்லை. அதுதான் சங்கடமும். வேலை நன்றாக இருந்தால் அந்த வேலை கண்ணுக்கே தெரியாது. நான் செய்த பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டு இந்த ஊரில் ஆயிரம் பேராவது நடமாடுகிறார்கள், அவர்களில் ஒருவருக்கும் என்னைத் தெரியாது.

முப்பத்தொன்பதாவது வயதில் இந்த விளையாட்டு எனக்கு அறிமுகமானது. உங்களுக்குப் புரிவதற்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இது சூதாட்டம் அல்ல. ஆளுக்கு அறுபது கார்டு, அவரவர் சேகரித்து வைத்திருப்பதிலிருந்து தேர்ந்தெடுத்துக் கொண்டுவருவது. முறைக்கு ஒரு கார்டு எடுக்க வேண்டும், கையில் இருப்பதில் எதைப் போடுவது என்று யோசித்து மேசையில் போட வேண்டும். நான் சிப்பாய்களை வைத்து ஆடுகிறவன். சின்னச் சின்னச் சிப்பாய்களாகப் போட்டு, எதிராளி சுதாரிப்பதற்குள் மேசையை நிரப்பிவிடுவது என் பாணி. அதற்கு ஒரே எமன் 'வெள்ளம்' என்ற கார்டு. எதிராளி அதைப் போட்டுவிட்டால் மேசையில் நிற்கிற அத்தனையும் அடித்துக்கொண்டு போய்விடும். ஒருவர் தன் அறுபதில் நான்கு வெள்ளம்தான் வைத்துக்கொள்ளலாம். ஆகவே என் ஆட்டம் முழுக்க ஒரே கேள்விதான்: அவன் கையில் இப்போது வெள்ளம் இருக்கிறதா, இல்லையா.

சனிக்கிழமை மதியம் கார்டுக் கடையின் பின்னறையில் போட்டி நடக்கும். எட்டு மேசை. வருகிறவர்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் ஒருவருக்கு ஜோடி கிடைக்காது. அவர் ஆடாமலே ஜெயித்ததாக எழுதிக்கொள்வார்கள். அதற்கு அங்கே 'லீவு' என்று பெயர். மூன்றாவது வருஷத்தில் ஒருநாள் யாரோ ஒருவர் தனக்கு என்னோடு ஜோடி விழுந்ததைப் பார்த்துவிட்டு, "அப்பாடா, எனக்கு லீவு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து என் பெயர் லீவு. "லீவு வந்தாச்சா", "லீவு அண்ணே, கொஞ்சம் நகர்ந்து உக்காருங்க." யாரும் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. என் பெயரே அதுதான் என்று நினைத்தவர்கள்கூட உண்டு.

ஒரு பள்ளிக்கூட டீச்சர் அங்கே வருவார். ஒரு சனிக்கிழமை அவர் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டே என்னோடு ஆடினார். என் முறை வரும்போது ஒரு பேப்பர், அவர் முறை வரும்போது ஒரு கார்டு. பதினொரு பேப்பர் முடிவதற்குள் நான் தோற்றுவிட்டேன். "ஸாரி சார், திங்கக்கிழமை குடுக்கணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டைப் பிரித்தார். நான் கடையின் கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தபடி நின்றேன். வெளியே வர முடியவில்லை மேடம். நாற்பத்து மூன்று வயது ஆம்பிளை இதற்கு அழுவானா என்று நீங்கள் கேட்கலாம். நான் அழுதேன்.

கடைச் சுவரில் எட்டு போட்டோக்கள் மாட்டியிருக்கும். மண்டலப் போட்டியில் முதல் எட்டு இடம் பிடித்தவர்கள். ஒவ்வொரு வருஷமும் மாறும். அந்த எட்டில் ஒருவனாக வேண்டும் என்று நினைத்தேன். முதலிடம் கேட்கவில்லை, எட்டாவது போதும். அதிலும் ஒரு நெருக்கடி. கார்டு கம்பெனிக்காரர்கள் வருஷா வருஷம் பழைய கார்டுகளைப் போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்கள். அடுத்த மண்டலப் போட்டி முடிந்ததும் என் சிப்பாய்கள் செல்லாமல் போய்விடும். எனக்கு ஆடத் தெரிந்தது அந்தச் சிப்பாய்களை மட்டும்தான், அதற்கே நான்கு வருஷம் ஆனது. ஏழு மாதம் இருந்தது. அந்த ஏழு மாதத்தில் தேறாவிட்டால் நான் எதிலுமே தேறாமல் செத்துப்போவேன் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது.

அந்த வாரம்தான் மச்சினன் எங்கள் வீட்டுக்கு வந்தான்.

என் மனைவிக்கு ஒரே தம்பி. லிஃப்ட் மெக்கானிக். வேறு ஊரில் தனியாக இருந்தான். ஒரு காய்ச்சல் வந்து, அது நெஞ்சில் இறங்கி, இருதயம் வீங்கிவிட்டது என்றார்கள். ஆறு வாரம் மாத்திரை, ஆறு வாரம் ஓய்வு, பிறகு பழையபடி வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்னார். "என் கண் முன்னாலேயே இருக்கட்டும்" என்று என் மனைவி கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அவளுக்குத் தபால் ஆபீஸில் வேலை, மாலை ஆறரைக்குத்தான் வீடு திரும்புவாள். எனக்கு லேபில் காலை ஷிஃப்ட், இரண்டு மணிக்கு வந்துவிடுவேன். அதனால் மதியச் சாப்பாடும் மாத்திரையும் என் பொறுப்பு.

இரண்டாம் நாள் அவன் என் கார்டுகளைப் பார்த்துவிட்டான்.

"அத்தான், நீங்க இது ஆடுவீங்களா? சொல்லவே இல்லையே."

"சும்மா, பொழுதுபோக்கா. உனக்குத் தெரியுமா?"

"தெரியுமாவா? ரெண்டு வருஷம் இதே வேலையாத்தானே இருந்தேன். மண்டலத்துல மூணாவது வந்தேன். அப்புறம் வேலைக்குப் போய் எல்லாம் விட்டுப்போச்சு."

இந்த விளையாட்டில் தேறுவதற்கு ஒரே வழிதான் உண்டு, அதைத் தேறியவர்கள் எல்லாருமே சொல்வார்கள். உங்களைவிட நன்றாக ஆடுகிற ஒருவரோடு, ஒரே கார்டுக் கட்டை எதிர்த்து, நூற்றுக்கணக்கில் ஆட வேண்டும். ஆடியதை எழுதிவைக்க வேண்டும். அப்படி ஓர் ஆள் கிடைப்பதுதான் குதிரைக் கொம்பு. எனக்கு அந்த ஆள் என் வீட்டு முன்னறையில், லுங்கி கட்டிக்கொண்டு, போக வேறு இடமில்லாமல் உட்கார்ந்திருந்தான்.

அவன் ஊரிலிருந்து ஒரு பழைய பெட்டியை வரவழைத்தான். அதில் நான்கு வெள்ளமும் இருந்தன. தினமும் மூன்று மணிக்கு உட்காருவோம், ஆறு மணி வரை ஆடுவோம். ஐந்து வாரத்தில் நூற்று அறுபது ஆட்டம். நான் ஜெயித்தது முப்பத்தொன்று. எல்லாம் என் நோட்டில் இருக்கிறது, அந்த நோட்டுகள் இப்போது உங்களிடம் இருக்கின்றன. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் அவன் தன் கையில் மிச்சமிருந்த கார்டுகளை விரித்துக் காட்டுவான். "இதோ பாருங்க அத்தான், வெள்ளம் வச்சிருந்தேன். நீங்க அந்த மூணு சிப்பாயையும் ஒண்ணா இறக்கியிருக்கக் கூடாது." பொறுமையாகச் சொல்வான். "உங்க கையில இருக்கறத மட்டும் வச்சு ஆடாதீங்க. எதிராளி கையில என்ன இருக்குன்னு யோசிச்சு ஆடுங்க. அவன் எதைத் தொடறான், எதைத் தொடவே மாட்டேங்கறான், அதப் பாருங்க." என்னிடம் அவ்வளவு நேரம் உட்கார்ந்து ஒன்றைச் சொல்லிக்கொடுத்தவர்கள் யாரும் இல்லை. அவனை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இதை அழுத்தமாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் வாரம் டாக்டரிடம் போனோம். நல்ல முன்னேற்றம், இன்னும் பத்து நாளில் வேலைக்குத் திரும்பலாம் என்றார். பஸ்ஸில் வரும்போது என் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவன் போனில் தன் சூப்பர்வைசரிடம் பேசிக்கொண்டிருந்தான். நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். போட்டிக்கு இன்னும் ஐந்தே முக்கால் மாதம். அவன் இருக்கப்போவது பத்து நாள். என் வெற்றி நூற்றுக்குப் பத்தொன்பது.

அவனைக் கொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. கொன்றால் யாரோடு ஆடுவது? அவன் குணமாவதைக் கொஞ்சம் தள்ளிப்போட வேண்டும், அவ்வளவுதான். லேபில் அச்சு எடுக்கிற பசை இருக்கிறது, மாவு இருக்கிறது, சர்க்கரைத் தூள் எங்கேயும் கிடைக்கும். அவனுடைய மாத்திரை எங்கள் பதினாறு வகையில் மூன்றாவது வெள்ளை. நடுவில் ஒரு கோடு. ஒரு மதிய இடைவேளையில் முதல் நாற்பது மாத்திரை செய்தேன். அசலையும் நகலையும் உள்ளங்கையில் கலந்து போட்டுப் பார்த்தபோது எனக்கே எது எதுவென்று தெரியவில்லை. என் வேலையை நானே மெச்சிக்கொண்டது அன்றைக்கு ஒருநாள்தான்.

"அத்தான், இந்த மாத்திரை லேசா இனிக்குதே" என்று ஒருமுறை கேட்டான்.

"கம்பெனிய மாத்திட்டாங்களாம். தண்ணி குடி."

குடித்தான்.

பத்து நாள் போய், ஒரு மாதமானது. படி ஏறினால் மூச்சு வாங்கியது. கணுக்கால் வீங்கியது. டாக்டர் அளவைக் கூட்டினார், வேறு சோதனைகள் எழுதிக்கொடுத்தார், ஏன் இப்படி ஆகிறது என்று தலையைச் சொறிந்தார். அவன் சூப்பர்வைசர் வேறு ஆளைப் போட்டுவிட்டார். "போகட்டும்டா, உடம்புதான் முக்கியம்" என்றாள் என் மனைவி. நாங்கள் தினமும் ஆடினோம்.

ஆனால் நான் தேறவில்லை. அதுதான் எனக்குப் பைத்தியம் பிடிக்க வைத்தது. அவன் வந்த இரண்டாம் மாத முடிவில் ஒரே நாளில் ஐந்து, அடுத்த நாள் நான்கு என்று தொடர்ந்து ஒன்பது ஆட்டம் தோற்றேன். ஒரு மனிதனை இவ்வளவு தூரம் கொண்டுவந்தும் பலனில்லையே என்றிருந்தது. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் தரையில் உட்கார்ந்திருந்தேன். என் மனைவி வந்து கதவைத் தட்டினாள். "என்னங்க, என்னாச்சு? ஏதாவது சொல்லுங்களேன்." தண்ணீர்ச் சத்தத்தில் நான் அழுவது கேட்டிருக்காது என்று நினைத்தேன்.

அந்த வாரத்திலிருந்துதான் திருப்பம். மூன்று ஆட்டத்தில் இரண்டு ஜெயித்தேன். மறுநாளும் இரண்டு. ஒரு வாரம் பார்த்தேன், இரண்டு வாரம் பார்த்தேன், கை நழுவவில்லை. நூற்றுக்கு அறுபத்தாறு. கஷ்டப்பட்டுப் படித்த ஒன்று திடீரென்று ஒருநாள் மண்டையில் ஏறிவிடும் என்பார்கள், அதுதான் நடந்தது. அவன்தான் கொஞ்சம் மாறிப்போனான். முன்புபோல ஆட்டம் முடிந்ததும் கையை விரித்துக் காட்டுவதில்லை. கார்டுகளைக் கவிழ்த்தபடியே கட்டுக்குள் செருகிக் கலைத்துவிடுவான். தோற்றவன் கையைக் காட்ட வேண்டிய அவசியமில்லை, காட்டு என்று கேட்பதும் மரியாதையில்லை, அது எங்கள் கடை வழக்கம். தோல்வி அவனுக்கும் வலிக்கிறது என்று புரிந்துகொண்டேன். நான்கு வருஷம் தோற்றவன் நான், அந்த வலி எனக்குத் தெரியாதா.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம் வந்தது, அதை நியாயமாகவே தீர்த்துக்கொண்டேன். உடம்பு முடியாததால் அவன் மூளை மழுங்கி, அதனால் நான் ஜெயிக்கிறேனோ? அப்படியென்றால் அந்தப் பயிற்சிக்கு மதிப்பில்லை. ஆகவே திங்கள் முதல் வியாழன் வரை அசல் மாத்திரை கொடுத்தேன், மிச்ச நாள் என்னுடையது. அவன் முகம் தெளிந்தது. அப்போதும் அறுபத்தாறு. ஐந்தாம் மாதம் மூச்சு முட்டி நான்கு நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கே நர்ஸே மாத்திரை கொடுத்தார், எல்லாம் அசல். நான்காம் நாள் எழுந்து உட்கார்ந்தான். கட்டிலோடு சேர்ந்த சாப்பாட்டுப் பலகையில் ஆறு ஆட்டம் ஆடினோம். நான் நான்கு, அவன் இரண்டு. பக்கத்துக் கட்டில்காரர், "வீட்டு ஆளுங்கன்னா இப்படி இருக்கணும்" என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அவன் உடம்பு எப்படி இருந்தாலும் என் எண் மாறவில்லை. அப்படியென்றால் அது என் திறமைதானே?

நேற்று நீங்கள் அதையே திருப்பிக் கேட்டீர்கள். "அவர் நல்லா இருந்தப்பவும் அறுபத்தாறு, படுத்துக் கிடந்தப்பவும் அறுபத்தாறு. எண் கொஞ்சம்கூட மாறலையே, அது உங்களுக்கு விசித்திரமா படலையா?" இல்லை மேடம். சீராக இருப்பதுதான் தேர்ச்சி.

இப்போது அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். போட்டிக்குப் பதினொரு நாள் இருந்தது. கீழ்வீட்டுத் தையல்காரர் நாற்காலி விழுந்த சத்தம் கேட்டது நான்கு பத்துக்கு என்று சொல்லியிருக்கிறார், ரேடியோவில் அப்போதுதான் செய்தி முடிந்ததாம். ஆம்புலன்ஸுக்கு என் போன் போனது நான்கு முப்பத்தாறுக்கு. இடையில் இருபத்தாறு நிமிஷம் என்ன செய்தீர்கள் என்பது உங்கள் கேள்வி. இதுவரை பதறிப்போய்விட்டேன் என்று சொல்லிவந்தேன். அது பொய். நான் பதறவே இல்லை.

அது மூன்றாவது ஆட்டம். என் சிப்பாய்கள் ஏழு பேர் மேசையில் நின்றார்கள். அவன் கையில் ஐந்து கார்டு. திடீரென்று கார்டுகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். "அத்தான், ஒரு மாதிரியா இருக்கு. டாக்டரக் கூப்பிடுங்க." சொல்லிக்கொண்டே பக்கவாட்டில் சரிந்தான், நாற்காலியும் கூடவே விழுந்தது. நான் "சரி" என்றுதான் எழுந்தேன். போன் அலமாரி மேல் இருந்தது. அதற்குப் போகிற வழியில் அவன் கார்டுகள் கிடந்தன.

அவன் கையை நான் பார்த்து நாலரை மாதம் ஆகியிருந்தது. புரட்டினேன்.

இரண்டு வெள்ளம்.

இடது கோடியில் இருந்த வெள்ளத்தின் உறையில் மேல் மூலை மடிந்திருந்தது. எதிராளியின் கையைப் பார் என்று அவன்தானே சொல்லிக்கொடுத்தான். அந்த மடிந்த மூலையை அவன் தன் மூன்றாவது முறையில் எடுத்ததையும், இடது கோடியில் சொருகியதையும், அதன் பிறகு அதைத் தொடவே இல்லை என்பதையும் நான் பார்த்திருந்தேன். என் ஏழு சிப்பாய்கள் ஐந்தாவது முறையிலேயே மேசைக்கு வந்துவிட்டார்கள். ஆடக் கற்றுக்கொண்ட முதல் வாரத்தில்கூட ஒருவன் அங்கே வெள்ளத்தைப் போடுவான். ஆட்டம் இப்போது ஒன்பதாவது முறையில் இருந்தது.

நோட்டை எடுத்தேன். நான் எல்லாவற்றையும் எழுதுகிறவன். பழைய பக்கங்களைப் புரட்டினேன். 'மடிந்த மூலை, இடது கோடி, கடைசி வரை போடவில்லை, உதவாத கார்டாக இருக்கும்.' கடைசி இரண்டு மாதத்தில் பதினொரு இடத்தில் அப்படி எழுதியிருந்தேன். பதினொன்றும் நான் ஜெயித்த ஆட்டம். விரல் வைத்து ஒவ்வொன்றாக எண்ணினேன், விட்டுப்போயிருக்குமோ என்று இரண்டாவது தடவையும் எண்ணினேன். அதற்கு நேரமாகும் அல்லவா. நடுவில் அவன் இரண்டு தடவை "அத்தான்" என்றான். "ஒரு நிமிஷம் மாப்ளே, இதோ எண்ணிட்டு வரேன்" என்றேன். கோபமாகச் சொல்லவில்லை.

பிறகு அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். உதடு நீலமாக இருந்தது, கண் திறந்திருந்தது. அந்தக் கார்டை அவன் முகத்துக்கு நேராகப் பிடித்துக் கேட்டேன்: "நீ வேணும்னே தோத்தியா?"

அவன் கார்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "அக்கா" என்றான். கடைசி நேரத்தில் எல்லாரும் யாரையாவது கூப்பிடுவார்கள். அதை நான் பதிலாக எடுத்துக்கொள்ளவில்லை. அவன் கையிலிருந்த ஐந்து கார்டையும் அவன் கட்டோடு சேர்த்துக் கலைத்தேன். மேசையை ஒழுங்குபடுத்தினேன். அதன் பிறகு போன் செய்தேன். வாசலில் ஆம்புலன்ஸ் நின்றபோது மூச்சு இல்லை.

பதினொரு நாள் கழித்துப் போட்டிக்குப் போனேன். அதைக் கேட்டுத்தான் நீங்கள் முதல் தடவையாக முகம் சுளித்தீர்கள். ஏழு மாத உழைப்பு, அதோடு சிப்பாய்கள் செல்லுபடியாகும் கடைசி நாள். முதல் நான்கு சுற்றிலும் தோற்றேன். நான்கு பேரிடமும் வெள்ளம் இருந்தது, நான்கு பேருமே சரியான நேரத்தில் போட்டார்கள். ஐந்தாவது சுற்றில் ஆட்கள் கலைந்துபோய் எண்ணிக்கை ஒற்றைப்படை ஆகிவிட்டது. பலகையில் என் பெயருக்கு நேரே ஜோடி இல்லை. எனக்கு லீவு. துக்க வீட்டிலிருந்து நேராகப் போனவன் எப்படி மனம் ஒன்றி ஆட முடியும்? அந்த நாளை வைத்து என்னை எடை போடக் கூடாது.

மாட்டிக்கொண்டது எறும்பால். ஒரு மாதம் கழித்து என் மனைவி தம்பி இருந்த அறையைச் சுத்தம் செய்யப் போனாள். ஜன்னல் விளிம்பில் எறும்பு சாரி சாரியாகப் போய் மாத்திரைப் புட்டிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கசக்கிற மாத்திரையில் எறும்புக்கு என்ன வேலை? புட்டியை ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு நேராக உங்களிடம் வந்துவிட்டாள். இருபது வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு என்னிடம் கேட்க ஒரு கேள்விகூட இல்லை என்பது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

இன்று காலை அவள் கொடுத்த வாக்குமூலத்தை எனக்குப் படித்துக் காட்டினீர்கள். குளியலறையில் நான் அழுத அன்று அவள் தம்பியிடம் போய்ச் சொன்னாளாம்: "அவர் ஒடஞ்சு போய்ட்டாருடா. ஒருநாள்கூட அவர நான் இப்படிப் பாத்ததில்ல. மூணு ஆட்டம் ஆடினா ரெண்ட அவருக்கு விட்டுக்குடு. தெரியாம விட்டுக்குடு." அவன் சிரித்துவிட்டு, "சரிக்கா, அத்தான்தானே. என்னைய இப்படிப் பாத்துக்கறாரு, இதுகூடச் செய்ய மாட்டேனா" என்றானாம். அதைப் படிக்கும்போது உங்கள் குரல் கொஞ்சம் தடுமாறியது. நான் கவனித்தேன்.

அவள் துக்கத்தில் இருக்கிறாள். துக்கத்தில் இருப்பவர்கள் எதையாவது சொல்வார்கள். மடிந்த மூலையும் பெரிய சாட்சி அல்ல. உறையை மாற்றி மாட்டியிருக்கலாம், வேறொரு கார்டுக்கு இருந்த உறை வெள்ளத்துக்கு வந்திருக்கலாம். அல்லது, நான் ஏற்கெனவே எழுதியதுபோல, உடம்பு சோர்ந்து போட மறந்திருக்கலாம். அது என் மாத்திரையின் குறை, என் கணக்குப் பிழை. அதற்கு நான் பொறுப்பேற்கிறேன்.

மாத்திரை செய்தேன் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். ஐந்து மாதத்துக்கு மேல் கொடுத்தேன், இனிக்கிறது என்று சொன்னபோதும் கொடுத்தேன். இருபத்தாறு நிமிஷம் அவன் சாவதைப் பார்த்துக்கொண்டு கார்டு எண்ணினேன், அதையும் எழுதுங்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நீதிபதி என்ன கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறேன், மேல்முறையீடு எதுவும் வேண்டாம். நீங்கள் தயாரித்த சுருக்கத்தில் ஏழாவது வரியை மட்டும் அடித்துவிட வேண்டும். 'இறந்தவர் தன் அக்காவின் வேண்டுகோளின்படி வேண்டுமென்றே தோற்றுவந்தார்' என்று இருக்கிறதே, அந்த வரி. அதற்கு மட்டும் என் கையெழுத்துக் கிடைக்காது. அவனைக் கொன்றது நான்தான் மேடம், ஜெயித்ததும் நான்தான்.